தேங்காய் மட்டும் உடைய மறுக்கிறது

சந்தா விலை இறங்கியிருக்கிறதே, சேரலாமா என்று பட்டர்வொர்த் நண்பர் கேட்டார். நான் சென்ற தைப்பூசத்துக்கு முன்பிருந்தே பணம் கட்டிவரும் ஏஐ காணொளிச் சேவையைத்தான் சொல்கிறார். இரண்டு வரி எழுதினால் சில நொடிக் காட்சி வரும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். தெரியாதது தேங்காய் விவகாரம்.

மலேசியாவின் பினாங்கில் பூசத்துக்கு முதல்நாள், 1894ஆம் ஆண்டைச் சேர்ந்த வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலுக்குக் கிளம்பும். வழிநெடுகத் தேங்காய் குவிந்திருக்கும். தமிழரும் சீனரும் ஓங்கி ஓங்கி உடைப்பார்கள். அந்தச் சிதறுதேங்காயைத்தான் கேட்டேன். இன்றுவரை கிடைக்கவில்லை. ஒருமுறை பந்துபோல எகிறிக் கைக்கே திரும்பியது. இன்னொருமுறை சத்தமில்லாமல் தாருக்குள் இறங்கி மறைந்தது. நேற்று வந்ததுதான் கொடுமை: அழகாக இரண்டாகப் பிளந்தது, நான் சந்தோஷப்படுவதற்குள் இரண்டு மூடியும் ஒட்டிக்கொண்டு மறுபடி முழுத் தேங்காயாகிவிட்டன.

அந்த ஏஐக்கு எடையும் தெரியாது, விசையும் தெரியாது. ஏராளமான காணொளிகளைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில், தாறுமாறான புள்ளிகளாலான இரைச்சலைப் படிப்படியாகத் துடைத்துப் பிரேம்களை ஊகத்தில் வரைகிறது. ஒன்று பலவாக உடையும் இடத்தில் ஊகம் தடுமாறுகிறது. அதை மன்னிக்கலாம். உருப்படாத துணுக்குக்கும் கிரெடிட்டை, அதாவது சந்தாவுக்குக் கிடைக்கும் பயன்பாட்டு அளவை, கழித்துக்கொள்கிறார்களே, அதை எப்படி மன்னிப்பது?

ஆனால் மழை! லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதையில் நான் எடுத்த படத்தை முதல் பிரேமாகக் கொடுத்து, மாலை மழை என்று மட்டும் எழுதினேன். ஓட்டு விளிம்பில் நீர் கோத்துச் சொட்டியது. எதிர்க்கடையின் சிவப்பு விளக்கு ஈரத் தரையில் நடுங்கியது. பூக்கடையின் பிளாஸ்டிக் விரிப்பு காற்றில் உப்பித் தாழ்ந்தது. விரிப்பைப் பற்றி நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. கற்பூரப் புகையும் அப்படியே. நிலையான உருவம் இல்லாத எதையும் அசத்தலாகச் செய்கிறது. உருவம் மாறக்கூடாதது என்றால் தொலைந்தது. அதே படத்தில் ஒழுங்காக இருந்த தமிழ்க் கடைப்பெயர், மூன்றாம் நொடியில் கிறுக்கலாகிவிட்டது.

கடைசியில் தேங்காயைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளில் உடைத்தேன். 2002 முதல் திறமூலம், காசு கேட்காது. தேங்காய் ஓட்டை முன்கூட்டியே சில்லுகளாக வெட்டி வைத்து, கெட்டிப் பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் ரிஜிட் பாடி கணிப்பை ஓட்டினால், ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு விழும், சிதறும். எத்தனை முறை ஓட்டினாலும் சிதறும். நாரும் தேங்காய்த் தண்ணீரும்தான் உயிரை வாங்கின. அதை ஏஐ மழைத்தெருவின்மேல் ஒட்டித் தங்கை மகனிடம் காட்டினேன். "தெரு நிஜம்போல இருக்கிறது மாமா, தேங்காய்தான் பொம்மையாகத் தெரிகிறது" என்றான். எரிச்சலாக வந்தது. அவன் சொன்னதில் தப்பும் இல்லை.

ஆகவே நண்பரே, சேர வேண்டாம். விலை இறங்கியது ஆண்டுச் சந்தாவுக்கு மட்டும். கட்டணத்தை டாலரில் பிடிக்கிறார்கள். வங்கி தன் பங்குக்கு மேலே கொஞ்சம் போட்டுக்கொள்ளும். மிச்சக் கிரெடிட் அடுத்த மாதத்துக்கு வராது. கேட்டால், விதிமுறைகளைப் படியுங்கள் என்று ஒரே பதில்.

நான் இந்த மாதத்துக்கும் கட்டிவிட்டேன். கார்த்திகை தீபக் காட்சி பாதியில் நிற்கிறது; அகல் சுடர் அதற்கு நன்றாக வருகிறது.