மாங்கூழ் சீசனும் லேப்டாப் பேட்டரியும்

என் லேப்டாப் 2021 கடைசியில் வாங்கியது. பேட்டரியின் டிசைன் கெப்பாசிட்டி, அதாவது கம்பெனி குறித்த கொள்ளளவு, 50,000 மில்லிவாட் அவர் (mWh). இப்போது முழுசாக சார்ஜ் ஏற்றினால் 40,500 தான் பிடிக்கிறது. கணக்குப் போட்டால் 81 சதவீதம். கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்காரர் இந்த எண்ணைப் பார்த்த கையோடு, "பேட்டரி முடிஞ்சு போச்சு சார், மாத்திடுங்க" என்றார். நான் மாற்றவில்லை. நான்கு வயதான பேட்டரிக்கு 81 என்பது நல்ல எண்ணாகவே எனக்குப் படுகிறது.

விண்டோஸில் இதைப் பார்க்கத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், பிரவுசரில் திறக்கும் அறிக்கை ஒன்று கிடைக்கும். டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, சைக்கிள் கவுண்ட் மூன்றும் மேலேயே இருக்கும். சில மாடல்களில் சைக்கிள் இடத்தில் வெறும் கோடுதான் வரும். சைக்கிள் என்றால் சார்ஜரைச் செருகிய தடவை இல்லை. இன்று பாதி, நாளை பாதி தீர்த்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒன்று. சாதாரண லேப்டாப் பேட்டரிகளுக்கு 300 முதல் 500 சைக்கிளில் 80 சதவீதத்துக்கு வருவது வழக்கம். மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்வது 1000. ஓடாமல் சும்மா கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும். அதனால் 'ஸ்பேர் இருக்கட்டும்' என்று ஒன்றை வாங்கி பீரோவில் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

புதிதில் என் அறிக்கை 51,200 காட்டியது. டிசைனை விடக் கூடுதலாக! அதில் அதிசயம் இல்லை, சில பேட்டரிகள் அப்படி வரும், சில கொஞ்சம் குறைவாகவும் வரும். முதல் வருடத்திலேயே 4,000 போனது. அதே வேகத்தில் போயிருந்தால் இந்நேரம் பேட்டரியைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அதன் பிறகு வருடத்துக்கு 2,000 சொச்சம்தான். லித்தியம் அயான் பேட்டரியின் நெகட்டிவ் முனை மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. கொஞ்சம் லித்தியம் அதில் மாட்டிக்கொண்டு வேலைக்கு உதவாமல் போகிறது. படலம் தடிக்கத் தடிக்க அது வளரும் வேகம் குறைகிறது. அதனால்தான் ஆரம்ப இறக்கம் பயமுறுத்தும், பிறகு நிதானமாகும். கடைசிக் காலத்தில் மறுபடி சடசடவென்று சரியும். நான் பயப்படுவது அந்தக் கட்டத்துக்குத்தான்.

அறிக்கையில் எனக்குப் பிடித்த பகுதி கெப்பாசிட்டி ஹிஸ்டரி. பழைய பதிவுகள் வாரவாரியாக இருக்கும். (விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் இதுவும் போய்விடும், முன்பே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.) நான் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். பெங்களூரா மாங்காய் லோடு வரும் நாட்களில் எடை மேடைக்குப் பக்கத்துத் தகரக் கூரை அறைதான் ஆபீஸ். லேப்டாப் காலை முதல் இரவு வரை சார்ஜரிலேயே, நூறு சதவீதத்திலேயே நிற்கும். ஹிஸ்டரியில் பார்த்தால் இறக்கத்தில் பெரும்பகுதி ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில்தான் விழுந்திருக்கிறது. மழைக்காலத்தில் கோடு கிட்டத்தட்ட மட்டமாகவே போகிறது. லித்தியம் பேட்டரியைக் கெடுப்பதில் முதலிடம் சூட்டுக்கு, அதுவும் முழு சார்ஜோடு சேர்ந்த சூட்டுக்கு.

ஓசூரில் இருக்கும் சித்தி மகளிடமும் இதே மாடல், ஏறக்குறைய இதே வயது. "அண்ணா, எனக்கு 89 காட்டுதே, நீ என்ன பண்ண?" என்று கேட்டாள். அவளுக்கு ஏசி ஆபீஸ், ஊரும் குளிர்ச்சி, போதாததற்கு சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வரம்பும் போட்டிருக்கிறாள். ஆனால் ஒரே மாடலில் இரண்டு பேட்டரிகளே வேறு வேறாக வயதாகும். ஆகவே வித்தியாசம் முழுவதையும் தகரக் கூரைத் தலையில் கட்ட முடியாது.

இன்னொன்று, ஒரே வாரத்தில் எண் 87-இலிருந்து 83-க்கு இறங்கி, அடுத்த வாரம் 86-க்கு ஏறியதும் உண்டு. பேட்டரி தேய்ந்து, பிறகு தேறிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கொள்ளளவை யாரும் நேராக அளப்பதில்லை. உள்ளே போகும் வரும் மின்சாரத்தை எண்ணி ஒரு சிப் மதிப்பிடுகிறது. எப்போதும் சார்ஜரிலேயே இருந்தால் அதன் கணக்கு பிசகும். எப்போதாவது ஒருமுறை 10 சதவீதம் வரை தீர்த்து முழுசாக ஏற்றினால் கணக்கு நேராகும். மாதா மாதம் பூஜ்யம் வரை தீர்க்க வேண்டும் என்பதெல்லாம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகள் காலத்துப் பேச்சு, லித்தியத்துக்கு அது கெடுதல்தான்.

கொள்ளளவை விட, லேப்டாப் எவ்வளவு தின்கிறது என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. எக்செல், டேலி மட்டும் என்றால் என் மெஷினுக்கு 8 வாட் போதும். 40 வாட் அவரில் (அதாவது 40,000 மில்லிவாட் அவரில்) ஐந்து மணி நேரம். வீடியோ கால் வந்தால் 20 வாட். இரண்டு மணி நேரம்தான். 'பேட்டரி நிற்கவே மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்கள் முதலில் திரை வெளிச்சத்தையும் பிரவுசர் டேப்களையும் பார்க்கலாம்.

இப்போது நானும் 80 வரம்பு வைத்திருக்கிறேன். பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் செயலியிலோ, லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்கிலோ இதைத் தருகின்றன. ஆனால் 81-இல் 80 என்றால் கைக்கு வருவது டிசைன் கெப்பாசிட்டியில் 65 சதவீதம்தான். அதனால் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வந்தால், முந்தின இரவே வரம்பை எடுத்துவிட்டு நூறு ஏற்றிக்கொள்வேன். ஒரு நாள் நூறில் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

டச்பேட் மேலே எழும்பினாலோ அடிப்பக்கம் உப்பினாலோ சதவீதம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ குப்பையில் போடுவதோ ஆபத்து. 30 சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும்போது கம்பெனி பேட்டரியே வாங்குவேன். மலிவு விலைக்கு வரும் சிலவற்றில் சிப்பே பொய் சொல்லும். மாதக்கணக்கில் ஓட்டிய பிறகும் ஃபுல் சார்ஜ் எண் ஒரு இலக்கம்கூட நகராமல் டிசைன் எண்ணிலேயே நின்றால் சந்தேகப்படுங்கள். என்னுடையது 35,000-க்குக் கீழே போனால், அடுத்த சீசன் லோடு வருவதற்குள் மாற்றிவிடுவதாக உத்தேசம்.