கடல் காற்றடிக்கும் வீட்டில் ஒரு பட்ஜெட் கேமிங் மானிட்டர்: வாரன்டி முடியும் நேரத்து அனுபவம்

என் மானிட்டரின் மூன்று வருட வாரன்டி இந்த மாதத்தோடு முடிகிறது. 24 இன்ச், ஃபுல் எச்டி, ஐபிஎஸ் பேனல், 165 ஹெர்ட்ஸ் (ஒரு நொடியில் திரை 165 முறை படத்தைப் புதுப்பிக்கும்). வாங்கியபோது பன்னிரண்டாயிரத்துக்குள் வந்தது. மாடல் பெயரைச் சொல்லி உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அது இப்போது கடைகளில் வருவதில்லை, அந்த இடத்துக்கு 180 ஹெர்ட்ஸ் மாடல் வந்துவிட்டது. இந்த விலையில் மாடல்கள் சீக்கிரமே மாறிவிடும். எதைப் பார்த்து வாங்குவது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம். பகலில் வேலை, ராத்திரி வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்று ஷூட்டர் கேம்கள், லீவு நாளில் தம்பியின் பிஎஸ்5. இத்தனை நாள் உழைத்ததை வைத்துச் சொல்கிறேன்: பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்களை ஒரு வாரத்தில் மறந்துவிடுவீர்கள். பேனல், ஸ்டாண்ட், வாரன்டி மூன்றும்தான் தினமும் நம்மோடு இருப்பவை. காசை அங்கே போடுங்கள்.

முதலில் சைஸ். கடையில் போய் நின்றதுமே, "தம்பி, 27 இன்ச்சா எடுத்துக்கங்க, ரெண்டாயிரம்தான் கூட" என்றார் கடைக்காரர். "அண்ணே, அதுவும் ஃபுல் எச்டிதானே?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். 1920 × 1080 புள்ளிகளை 24 இன்ச்சில் பரப்பினால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளி வரும். 27 இன்ச்சில் அதுவே 82 ஆகிவிடும். டேபிளில் இரண்டடி தூரத்தில் உட்கார்பவருக்கு அந்தப் பத்து புள்ளி நன்றாகவே தெரியும். எழுத்தின் ஓரங்கள் கரடுமுரடாக இருக்கும், தூரத்தில் நிற்கும் எதிரியின் தலை நாலு கட்டமாகத் தெரியும். 27 இன்ச் வேண்டுமென்றால் 1440பி (2560 × 1440 புள்ளிகள்) எடுங்கள், அதில் இன்ச்சுக்கு 109 புள்ளி. ஆனால் அதைத் தள்ளுவதற்குக் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். என்னிடம் இருப்பது ஆர்எக்ஸ் 6600. ஃபுல் எச்டிக்கு அது தாராளம்.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லி செகண்ட் நிற்கும். 144-ல் 6.9. 165-ல் 6.1. 180-ல் 5.6. முதல் தாவலில் கிட்டத்தட்ட பத்து மில்லி செகண்ட் மிச்சம், அடுத்தடுத்த தாவல்களில் ஒன்றுகூட இல்லை. தம்பியை உட்காரவைத்து, அவனுக்குச் சொல்லாமல் செட்டிங்கை மாற்றி மாற்றி வைத்தேன். 60 என்றால் மவுஸை அசைத்த உடனே "என்னண்ணா, இழுக்குது" என்றான். 144-க்கும் 165-க்கும் வித்தியாசம் அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால் 144-ல் நல்ல ஸ்டாண்டோடு ஒன்றும், 180-ல் ஆட்டம் போடும் ஸ்டாண்டோடு ஒன்றும் ஒரே விலையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுக்கலாம். சில கேம்களுக்கு இந்த வேகம் தேவையே இல்லை. கணினியில் எல்டன் ரிங் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் போகாது.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. மானிட்டரைச் செருகியதும் விண்டோஸ் பெரும்பாலும் 60-லேயே நிற்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளேவுக்குப் போய் நாம்தான் மாற்ற வேண்டும். தெரிந்த ஒரு பையன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாதக்கணக்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டு, "பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்லண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாற்றிக் கொடுத்த அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது பெட்டியில் போட்டிருக்கும் அந்த "1 எம்எஸ்", அதாவது ஒரு மில்லி செகண்ட். பட்ஜெட் மானிட்டர் வாங்குபவர்களை அதிகம் குழப்புவது இதுதான். இரண்டு வேறு அளவுகளை ஒரே எண்ணில் எழுதுகிறார்கள். ஒன்று ஜிடிஜி, அதாவது ஒரு புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம். மற்றது எம்பிஆர்டி, நகரும் படம் கண்ணில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற கணக்கு. இரண்டாவதை 1-க்குக் கொண்டுவர மானிட்டர் பின்விளக்கைப் படபடவென அணைத்து அணைத்துப் போடும். அதை ஆன் செய்தால் வெளிச்சம் குறைந்துவிடும். இந்த விலை மானிட்டர்கள் பெரும்பாலானவற்றில் அப்போது ஃப்ரீசிங்க் (கேமின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் வசதி) வேலை செய்யாது. ஒரே ராத்திரி ஆன் செய்து பார்த்தேன், கண் எரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

புள்ளிகளை வேகமாக நிறம் மாறத் தள்ளும் ஓவர்டிரைவையும் மெனுவில் மூன்று படியாக வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கடைசிப் படியைத்தான் தட்டுவார்கள். என்னுடையதில் அதை வைத்தால், வெளிர் நிற வானத்துக்கு முன்னால் கறுப்புத் துப்பாக்கி நகரும்போது அதன் பின்னோரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். புள்ளியை அளவுக்கு மீறித் தள்ளுவதால் வருவது அது. நடுப்படியில் அந்தக் கோடு இல்லை. வாங்கியது முதல் நடுப்படிதான்.

பேனலில் இருக்கும் இரண்டு வகைகளில் ஐபிஎஸ்ஸா விஏவா என்று கேட்பவர்களுக்கு: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் நண்பன் 27 இன்ச் வளைந்த விஏ வைத்திருக்கிறான். அவன் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கும். விஏ-யின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பொதுவாக 3000-க்கு 1, ஐபிஎஸ்ஸில் 1000-க்கு 1. என் திரையில் கறுப்பு என்பது அடர்ந்த சாம்பல்தான், கீழ் மூலையில் ஒரு வெளிச்சப் படலமும் உண்டு. ஆனால் அவன் திரையில் வேலோரன்ட் ஆடினால் இருட்டு மூலையிலிருந்து ஓடி வருபவன் பின்னால் மை இழுத்த மாதிரி ஒரு தடம் தெரிகிறது. "மச்சான், எனக்குப் பழகிப்போச்சுடா" என்கிறான். வேகமான ஷூட்டர்களே அதிகம் ஆடுபவருக்கு ஐபிஎஸ், கதை கேமும் சினிமாவும் என்றால் விஏ.

எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் அகலமாகக் காட்டும் வசதி) என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதற்காக நூறு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 250, 300 நிட்ஸ் வெளிச்சத்தில் அது சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஃப்ரீசிங்க் அப்படியல்ல, அது உண்மையிலேயே உதவுகிறது. 2019 ஜனவரி முதல் என்விடியா கார்டுகளிலும் இந்த மானிட்டர்கள் வேலை செய்கின்றன. வாங்கும்போது அது எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து எத்தனை வரை வேலை செய்யும் என்ற ரேஞ்சைப் பாருங்கள். என்னுடையது 48 முதல் 165 வரை. ஃப்ரேம் 48-க்குக் கீழே விழுந்தால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டிச் சமாளித்துக்கொள்ளும். மேல் எண் கீழ் எண்ணைப் போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் அது நடக்கும்; கேமிங் என்று போட்டு விற்கும் 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் 48–75 தான் இருக்கும், அங்கே அது நடக்காது. பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எச்டிஎம்ஐ 2.0 மானிட்டரில் 1080பி-யில் 120 ஹெர்ட்ஸ் கிடைக்கும், விஆர்ஆர் (ஃப்ரீசிங்க் போலவே திரையின் வேகத்தை மாற்றும் வசதி) கிடைக்காது. பிஎஸ்5 அதற்கு எச்டிஎம்ஐ 2.1 கேட்கும்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. திரையில் பிசுபிசுவென ஒரு படலம் படியும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை நேராக அடித்தால் மேல் பூச்சு போய்விடும். டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும். ஒரு கட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை ஓரிரு நொடி கறுத்து மீண்டும் வர ஆரம்பித்தது. பேனல் போய்விட்டது என்றே நினைத்தோம். டிஸ்ப்ளே போர்ட் கேபிளைக் கழற்றிப் பார்த்தால் முனையில் பச்சைக் களிம்பு. புதுக் கேபிள் போட்டதும் சரியாகிவிட்டது. காலியாக இருந்த போர்ட்டை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டேன்.

பெட்டியைத் தெர்மோகோலோடு பரணில் வையுங்கள், எடைக்குப் போடாதீர்கள். 2011-ல் தானே புயலைப் பார்த்த குடும்பம் எங்களுடையது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடப்பதற்கு முன்பே எல்லா பிளக்கையும் பிடுங்கி, மானிட்டரைப் பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டோம். ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கழற்றும் ஸ்டாண்ட் என்பதால் சட்டென்று முடிந்தது. ஸ்டாண்டில் உயரம் ஏற்றி இறக்கும் வசதி இருப்பதைப் பாருங்கள். இல்லையென்றால் பின்னால் 75 அல்லது 100 மி.மீ. வெசா ஓட்டையாவது (வேறு ஸ்டாண்டிலோ சுவரிலோ மாட்டுவதற்கான திருகு ஓட்டைகள்) இருக்க வேண்டும்.

வாரன்டி பற்றி ஒரு மனக்குறை. இரண்டாவது கோடையில் திரையின் இடது மேல் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி அணையாமல் நின்றது. பகலில் தெரியாது, இருட்டு மேப்பில் முதலில் கண்ணில் படுவது அதுதான். கம்பெனிக்குப் போன் செய்தால், ஒரு புள்ளிக்கெல்லாம் மாற்ற மாட்டோம், இத்தனைக்கு மேல் இருந்தால்தான் என்றார்கள். அவர்கள் விதியில் அப்படித்தான் இருந்தது. அதனால் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை புள்ளி போனால் மாற்றுவீர்கள், ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா. கடலூர்க்காரருக்கு சர்வீஸ் சென்டர் புதுச்சேரியில் இருந்தால் பரவாயில்லை, பஸ்ஸில் போய்விடலாம். சென்னையில் மட்டும்தான் என்றால் ஆயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக அந்த பிராண்டை எடுக்காதீர்கள். கடையில் வாங்கினால் அங்கேயே ஓட்டச் சொல்லி, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறம் போட்டுப் புள்ளி பாருங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.