கேம்பர் வேன் என்று ரூ. 46,500 வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள் - கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புக் செய்பவர்கள் கவனிக்கவும்

ரூ. 46,500. வேன் வாடகை 24,000, இரவு தங்கும் இடங்களுக்கு 7,500, திருப்பித் தருவதாகச் சொன்ன டெபாசிட் 15,000. மொத்தமும் போய்விட்டது. நேற்று இரவு அந்தச் செயலிக்காரர்களிடமிருந்து "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. யார் முடித்தார்கள், என்ன முடிவு, ஒரு வரி விளக்கம் இல்லை. வயிறு எரிகிறது. இதே ஆட்கள் பொங்கல் விடுமுறைக்கு இப்போதே விளம்பரம் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் ஆற அமர எழுதலாம் என்று காத்திருக்காமல் இப்போதே எழுதுகிறேன். எதையெல்லாம் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. கேம்பர் வேன் வைத்திருப்பவர்களையும் வாடகைக்குக் கேட்பவர்களையும் இணைத்துவிடும் ஒரு செயலி, அவ்வளவு சொன்னால் போதும். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், சிங்க் எல்லாம் இருக்கும், வழியில் வண்டி நிறுத்தித் தங்கும் தளங்களையும் அவர்களே புக் செய்து தருவார்கள். என் கணவருக்கு ஓசூர் கம்பெனியில் ரொம்ப நாள் கழித்துச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. பிள்ளைகளை பர்கூரில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் கிளம்புவதாகத் திட்டம். கே.ஆர்.பி. அணை பக்கம் ஒரு மாந்தோப்பில் முதல் இரவு, ராயக்கோட்டை வழியாகத் தளி, பிறகு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல், திரும்பும்போது பென்னாகரம், தர்மபுரி, நேரம் இருந்தால் வத்தல்மலை. நம் மாவட்டத்தையே நாம் சுற்றிப் பார்த்ததில்லையே என்று அத்தனை ஆசையாகப் போட்ட திட்டம்.

எங்களை நம்பவைத்தது எப்படி என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். செயலியில் பணம் கட்டும் முன் அவர்கள் ஆள் ஒருவர் வீடியோ காலில் வந்தார். முதல் வார்த்தையே "அக்கா, நீங்க கிருஷ்ணகிரியா, எங்க அம்மா ஊரு ராயக்கோட்டைக்கா." வேனுக்குள் போனை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். லைட் எரிந்தது, ஃபிரிட்ஜ் ஓடியது, குழாயில் தண்ணீர் வந்தது. என் கணவர் டெபாசிட் பற்றிக் கேட்டதற்கு, "சார், வண்டிய விட்ட அன்னைக்கு சாயங்காலமே உங்க அக்கவுண்ட்ல இருக்கும், வரலைன்னா நான் என் கைக்காசு போட்டுத் தரேன்" என்றார். நடுவில் அவருடைய சின்னப் பெண் வந்து எட்டிப் பார்த்தது, "அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்றார், அதுவும் கைகூப்பியது. அரை மணி நேரம் இப்படிச் சொந்தக்காரர் மாதிரி பேசிய ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? போனை வைத்த கையோடு ரூ. 46,500 அனுப்பினோம்.

வண்டியைக் கொண்டுவந்து டோல்கேட் பக்கத்தில் கொடுத்தது வேறொரு ஆள். வீடியோவில் பார்த்த வேனும் அது இல்லை. நம்பர் பலகை வெள்ளை. வாடகை வண்டிக்கு வெள்ளைப் பலகை எப்படி என்று என் கணவர் கேட்டார். "கேம்பருக்கு அப்படித்தான் சார் ரிஜிஸ்டர் பண்ணுவாங்க" என்று அடித்துச் சொன்னார் அந்த ஆள். பொய். நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஏதாவது விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்திருப்பார்கள், இதைத் தேன்கனிக்கோட்டை ரோட்டில் சோதனைக்கு நிறுத்திய போலீஸ்காரர்தான் எங்களுக்கு விளக்கினார்.

மாந்தோப்பு என்றது மாந்தோப்புதான், அதில் பொய் இல்லை. ஆனால் தோப்புக் காவலருக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. "எனக்கு ஒரு பைசா வரலம்மா, ஆளுக்கு முந்நூறு குடுத்துட்டு நிறுத்திக்குங்க" என்றார். அவர் மேல் என்ன தப்பு, கொடுத்தோம். வண்டிக்குக் கரண்ட் எடுக்க பிளக் பாயிண்ட் இருக்கும் என்று போட்டிருந்தார்கள், அது மோட்டார் ரூமுக்குள் பூட்டிக் கிடந்தது. சரி, பேட்டரி இருக்கிறதே என்று படுத்தோம்.

காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே கதகதவென்று இருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லி மாவு பொங்கி, டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டெல்லாம் வழிந்து, தயிர் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மார்கழி மாதத்திலேயே இந்தக் கதி. என் கணவர் கட்டிலுக்கு அடியில் பலகையைக் கழற்றிப் பார்த்தார். பேட்டரி பக்கவாட்டில் உப்பிப்போய், முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. கூரைமேல் பளபளவென்று ஒரு சோலார் பேனல், அதிலிருந்து இறங்கி வந்த ஒயர் பேட்டரி வரைக்கும் வரவே இல்லை. பாதியில் வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மெத்தைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள். தெரியாமல் நடந்த பழுது இல்லை இது. ஒருவர் கையால் வெட்டி, கையால் டேப் சுற்றி மறைத்தது.

அங்கிருந்தே போன் செய்தேன். "மேடம், வண்டிய ஓட்டினா தானா சார்ஜ் ஏறும், நீங்க ஓட்டிப் பாருங்க" என்றது ஒரு பெண் குரல். தளி வரைக்கும் ஓட்டினோம். ஒன்றும் ஏறவில்லை. தளிக் குளிரில் போன் டார்ச் வெளிச்சத்தில் பிரெட் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

இதற்கு மேல்தான் பெரிய கொடுமை. அஞ்செட்டிக்கு அப்பால் "ஆற்றோர கேம்ப் தளம், கழிப்பறை, கேம்ப் ஃபயர், காவலாளி உண்டு" என்று படங்களோடு போட்டிருந்தார்கள். மேப் காட்டிய இடத்தில் ஆறும் இல்லை, கழிப்பறையும் இல்லை, யாரோ ஒருவரின் கேழ்வரகுக் கொல்லை. கொல்லைக்காரப் பெரியவர் மரத்தின் மேல் கட்டிய பரணிலிருந்து இறங்கி வந்தார். "இங்கியா தங்கப் போறீங்க? ராவானா ஆனை வருதும்மா, நாங்களே பரண் மேலதான் படுக்கறோம். பொழுதோட கெளம்புங்க" என்றார். கேழ்வரகு முற்றும் இந்த மாதங்களில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கி வருவது இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். 2022-இல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் என்று அறிவித்தது கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் பரவியிருக்கும் இந்தக் காடுகளில் ஒரு பகுதியைத்தான். நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி நெருப்பு மூட்டுகிற ஊர் இல்லை இது. பணத்துக்காக இரண்டு உயிரை யானை வழியில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர் நன்றாக இருக்கட்டும்.

இருட்டுவதற்குள் தேன்கனிக்கோட்டை திரும்பி ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திக்கொள்ளக் கேட்டோம், விட்டார்கள். ஒகேனக்கல் போகவே இல்லை. பரிசலும் இல்லை, மீன் வறுவலும் இல்லை. மறுநாள் நேராகக் கிருஷ்ணகிரி வந்து வண்டியை ஒப்படைத்தோம்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. வேன்காரரைக் கேட்டால் "டெபாசிட் செயலிக்காரங்ககிட்ட இருக்கு" என்கிறார். செயலிக்காரர்களைக் கேட்டால் "ஓனர் ஒப்புதல் தரணும், நாங்க இடைத்தரகர் மட்டும்தான் மேடம்" என்கிறார்கள். தளத்துக்குக் கட்டிய 7,500 என்ன ஆனது என்றால், "நீங்கள் தங்காததற்கு நாங்கள் பொறுப்பல்ல." தங்க இடமே இல்லையே ஐயா! பின்பக்கக் கதவில் கீறல் என்று ஒரு படம் அனுப்பி டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் வண்டி எடுக்கும்போதே இருந்தது, படம் எடுத்து செயலியில் ஏற்றியும் இருந்தோம். பயணம் முடிந்ததாகக் காட்டிய மறு நிமிடம் அந்தப் படங்கள் எங்கள் பக்கத்தில் காணவில்லை. வீடியோ காலில் வந்த ராயக்கோட்டைத் தம்பிக்குப் போன் போட்டேன், ஒரு முறை எடுத்து "நான் இப்ப அந்த செக்‌ஷன்ல இல்ல மேடம்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மணி அடிப்பதோடு சரி. ரூ. 46,500. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்டும் அளவு பணம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், கொடுத்த பணம் ரூ. 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அந்த 46,500-ஐ விடப்போவதில்லை.

கவனிக்க வேண்டியவை என்று நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைப் பலகை என்றால் வண்டியைத் தொடாதீர்கள். தங்கும் தளத்துக்காரரின் நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள், வனத்துறை எல்லைக்குள் என்றால் அனுமதிக் கடிதம் கேளுங்கள். வண்டியை வாங்கும்போது வீடியோ எடுத்து உங்கள் போனிலேயே வைத்திருங்கள், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரி வரைக்கும். ஆன்லைனில் பணம் பறித்துக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பொங்கலுக்கு யாராவது அஞ்செட்டி ஆற்றோரத் தளம் என்று ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றே கேன்சல் செய்யுங்கள், அங்கே தளம் என்று எதுவும் இல்லை.