ஆறு ஆண்டுகள், நான்கு ஒத்திகை அறைகள்

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஐவருக்கும் பிழைப்பு வேறு; சனிக்கிழமை மாலை மட்டும் இசை. நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஆறு ஆண்டுகளில் சென்னைக்குள் நான்கு ஒத்திகை அறைகள் மாறிவிட்டோம். இப்போது யாராவது "நல்ல ஜாம் ரூம் எது?" என்று கேட்டால், அங்கே என்ன ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) இருக்கிறது என்று நான் சொல்வதில்லை. பாடுகிறவருக்குத் தன் குரல் காதில் விழுகிறதா என்று பாருங்கள் என்கிறேன். இதைத் தெரிந்துகொள்ள மூன்று அறைகளில் அவதிப்பட வேண்டியிருந்தது.

முதல் அறைக்கு வாடகை கிடையாது. டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் ஒற்றை அறை. கோழிக் கடையில் கெஞ்சி முட்டை அட்டைகள் வாங்கி வந்து, ஒரு ஞாயிறு முழுவதும் சுவரில் ஒட்டினோம். உள்ளே எதிரொலி கொஞ்சம் அடங்கியது உண்மை. வெளியே போகிற சத்தம் அணுவளவும் குறையவில்லை. காகித அட்டை உயர்ந்த சுருதி ஒலிகளில் சிலவற்றை உறிஞ்சும், அவ்வளவுதான். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் இடியைத் தடுக்கக் கனமான சுவரும், காற்றுப் புகாத கதவும் வேண்டும். கீழ்வீட்டுப் பெரியவர் ஒருநாள் படியேறி வந்தார். "தம்பி, பாட்டைக் குறை சொல்லவில்லை. அந்த டும் டும் மட்டும் என் கட்டிலுக்குள் வருகிறது" என்றார். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. டிரம்ஸ் எளிதாக 100 டெசிபலைத் தொடும். அவர் விதி எதையும் பேசவில்லை. அதனாலேயே கூடுதலாக வெட்கமாக இருந்தது. போதாததற்கு அட்டைகளுக்குப் பின்னால் கரப்பான்கள் குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்தன.

இரண்டாவது, தரைக்கடியில் இருந்த பளபளப்பான அறை. ஒரு பக்கம் கண்ணாடி, கீழே டைல்ஸ், ஆள் உயரத்துக்கு ஆம்ப்கள். பார்த்த மாத்திரத்தில் மயங்கி ஆறு மாதத்துக்குப் பணம் கட்டினோம். நுழைந்ததும் ஒருமுறை கைதட்டிப் பார்த்திருந்தால் போதும். எதிரெதிரே வழவழப்பான சுவர்கள் இருந்தால் அந்தத் தட்டல் படபடவென்று சிறகடிப்பதுபோல் திரும்பி வரும். அப்படிப்பட்ட அறையில் எல்லாம் குழம்பிக் கேட்கும். கிட்டார் கேட்கவில்லை என்று நண்பன் ஒலியைக் கூட்டுவான், என் பேஸ் கேட்கவில்லை என்று நானும் கூட்டுவேன். பாடகிக்கான ஸ்பீக்கரைக் கூட்டினாலோ மைக் வீலென்று கத்தும். மூன்றாம் மாதம் அவருக்குத் தொண்டை கட்டி ஒரு நிகழ்ச்சியே போயிற்று. எனக்கு ஞாயிறு காலைவரை காதில் 'ஙொய்'யென்று இரைச்சல். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழிலிடப் பாதுகாப்புக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று சொல்லும் கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். நாங்கள் மூன்று மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தோம். மீதிப் பணத்தை விட்டுவிட்டு வெளியேறினோம்.

மூன்றாவது அறையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. கிட்டார் கம்பியில் கையை வைத்தபடி நண்பன் பின்பாட்டுப் பாடப் போனான். உதடு மைக்கில் பட்டதும் சுள்ளென்று அடித்தது. ஸ்விட்ச் பலகையைக் கழற்றிப் பார்த்தால் எர்த் கம்பி எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்கியது. அறைக்காரரிடம் சொன்னதற்கு, "செருப்புப் போட்டுக்கொண்டு பாடச் சொல்லுங்கள் தம்பி" என்றார். அன்றோடு சரி.

இப்போது இருப்பது சாலிகிராமத்தில், இரண்டாவது மாடியில். மூன்றாண்டு ஆகிறது. பார்க்க ஒன்றுமில்லை: பன்னிரண்டடி அகலம், பழைய ஜமுக்காளம், ஒலியை உறிஞ்சத் துணி போர்த்திய ராக்வூல் (கல்நார் போலன்றி, பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பலகைகள், ரப்பர் பட்டை வைத்த இரட்டைக் கதவு. ஆனால் அறையைப் பார்த்துக்கொள்கிறவர் முதல் நாளே எங்கள் வரிசையை மாற்றினார். பாடகியின் மைக்கை முதலில் சரிசெய்தார். மைக் கத்தாதபடி, அவருக்கான ஸ்பீக்கரை மைக்கின் முதுகுப் பக்கம் நிறுத்தினார். பிறகு, "இந்தக் குரலுக்கு மேல் யாரும் போகக் கூடாது" என்றார். அன்றுதான் என் வாசிப்பில் இருந்த தடுமாற்றமெல்லாம் எனக்கே கேட்டது. இரண்டாவது சரணத்தில் நான் டிரம்ஸுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு வருடமாக!

குறை இல்லாமல் இல்லை. என் பேஸின் தடித்த இ கம்பியில் இரண்டாம் கட்டத்தை அழுத்தினால் அந்த ஒரு சுரம் மட்டும் அறை முழுக்க வீங்கும். கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. பன்னிரண்டடிச் சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) வாக்கில் ஒலி தங்கி அதிரும். அந்தச் சுரம் 46 ஹெர்ட்ஸ். ஆம்பை மூலையிலிருந்து இழுத்து ஒரு ஸ்டூல் மேல் வைத்த பிறகு பாதி சரியானது. மீதிக்கு விரலை அடக்குகிறேன். லிஃப்ட் கிடையாது. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலையால் பட்ட பாட்டில் பாதி நாள் தாமதம்; ஆனால் வாடகைக் கடிகாரம் நாம் குறித்த நேரத்துக்கே ஓடத் தொடங்கிவிடும். பொருள்களை மாட்டிச் சரிசெய்ய இருபது நிமிடம் போகும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக எடுப்பது வீண். மழைக்காலத்தில் ஜமுக்காளம் வாடை அடிக்கும். அறையிலுள்ள பொது ஸ்னேர் டிரம்மின் தோல் எப்போதும் தொய்ந்தே இருக்கும். டிரம்ஸ் நண்பன் சொந்த ஸ்னேரையும் சிம்பல்களையும் பெடலையும் தூக்கிக்கொண்டு வருகிறான். பாடகி தன் மைக்கை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். பலர் வாய் வைத்த மைக்கின் வலையை முகர்ந்து பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் மணிக்கு ஐம்பது ரூபாய் ஏற்றினார்கள். முனகிக்கொண்டே கொடுத்தோம். மொட்டைமாடி அறைக்கே திரும்பிவிடலாமா என்று கிட்டார் நண்பன் கேட்டான். அங்கே முட்டை அட்டைகள் இன்னும் ஒட்டியபடிதான் இருக்கின்றன. பிய்த்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வருகிறது என்று டிரம்ஸ் நண்பனின் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.