16 செல் பேக்கில் ஆக்டிவ் பேலன்சர்: போடலாமா, எதைப் போடலாம்

சொந்தமாக லித்தியம் பேக் கட்டுகிற எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி இது: நிறைந்த செல்லில் இருந்து எடுத்துக் குறைந்த செல்லுக்குக் கொடுத்து எல்லா செல்லையும் சமமாக வைக்கிற ஆக்டிவ் பேலன்சர் வேண்டுமா, வேண்டாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 280 ஏஎச் (ஆம்பியர் மணி, அதாவது செல்லின் கொள்ளளவு) மாதிரி பெரிய செல் வைத்து 16 செல் சீரிஸில் கட்டுகிறீர்கள் என்றால் கட்டாயம் போடுங்கள், ஆனால் தனி போர்டாக வாங்கி ஒட்டாமல், பிஎம்எஸ்ஸுக்கு (செல்களைக் கண்காணித்து, அளவு மீறினால் சார்ஜையோ லோடையோ வெட்டுகிற போர்டு) உள்ளேயே ஆக்டிவ் பேலன்சர் இருக்கிற மாடலாக வாங்குங்கள். சின்ன 4 செல் பேக், புது செல், லோடும் பெரிதாக இல்லை என்றால் அந்தக் காசை நல்ல பஸ்பாருக்கும் (செல்லை செல்லோடு இணைக்கிற உலோகப் பட்டை) ஃபியூஸுக்கும் போடுங்கள்.

நான் தக்கலை பக்கம். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, இரண்டிலும் ரப்பர் மரமோ தென்னை மட்டையோ கம்பியில் விழுந்தால் கரண்ட் போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது ஆயிரக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன, அதற்குப் பிறகு இங்கே இன்வெர்ட்டரை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. இப்போது ஆசிட் பேட்டரியை விட்டுவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் வாங்கிச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பேக், குலசேகரத்தில் சித்தப்பா வீட்டுப் பேக், முட்டத்தில் ஒரு அண்ணனின் வள்ளத்தில் இருக்கிற 4 செல் பேக், இந்த மூன்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பேலன்ஸ் எதற்கு? சீரிஸில் 16 செல்லுக்கும் ஒரே கரண்ட்தான் போகிறது. அதில் ஒரு செல் மட்டும் மற்றவற்றை விடக் கொஞ்சம் முன்னால் நிறைந்துவிட்டால் அதன் வோல்டேஜ் சட்டென்று 3.65க்கு ஏறும், பிஎம்எஸ் சார்ஜை வெட்டிவிடும், மீதி 15 செல்லும் அரைகுறையாக நிற்கும். இறங்கும்போதும் இதே கதைதான், எது முதலில் 2.5க்கு வருகிறதோ அதோடு பேக் முடிந்தது. சித்தப்பா வீட்டுப் பேக்கில் சார்ஜ் முடிகிற நேரத்தில் ஒரு செல் 3.62, இன்னொன்று 3.38 என்று நின்றது. சோலார் பேனலில் ஏறுகிற பேக் என்பதால், வெயில் நன்றாக இருக்கிற மதியத்தில் பிஎம்எஸ் வெட்டி, இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும். சித்தி போன் போட்டு, "மக்கா, இது மறுபடியும் கூவுது, என்னன்னு வந்து பாரு" என்பார்.

சாதாரண பிஎம்எஸ்ஸிலும் பேலன்ஸ் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள், பொய்யில்லை. ஆனால் அது பேசிவ். உயர்ந்து நிற்கிற செல்லின் மேல் ஒரு ரெசிஸ்டரைப் போட்டுக் கூடுதலை வெப்பமாக எரித்துவிடும், அளவு பெரும்பாலும் 30 முதல் 100 மில்லி ஆம்பியர் வரைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 280 ஏஎச் செல்லில் 2 சதவீத வித்தியாசம் என்றால் 5.6 ஏஎச். 100 மில்லி ஆம்பியரில் அதை எரிக்க 56 மணி நேரம் ஆகும். பேலன்ஸ் வேலை செய்வது சார்ஜ் உச்சியில் இருக்கிற ஒரு மணி நேரம்தான் என்றால் தினமும் வெயில் அடித்தால்கூட இரண்டு மாதத்துக்குக் கிட்டே வந்துவிடும். ஆனி, ஆடியில் குலசேகரத்தில் தினமும் வெயிலை எங்கே பார்க்க? ஆக்டிவ் பேலன்சர் எரிப்பதில்லை, நிறைந்த செல்லில் இருந்து எடுத்துக் குறைந்த செல்லுக்குக் கொடுக்கிறது, அதுவும் ஆம்பியர் கணக்கில். சின்ன 20 ஏஎச் பேக்குக்கு பேசிவ் போதும் என்பதும், 280க்குப் போதாது என்பதும் இந்தக் கணக்கில் இருந்தே தெரியும்.

சரி, இப்போது பொருளுக்கு வருவோம். சித்தப்பா வீட்டுப் பேக்கைக் கட்டிக் கொடுத்தவர் சாதாரண பிஎம்எஸ்ஸோடு ஒரு கெப்பாசிட்டர் வகைப் பேலன்சர் போர்டை ஒட்டிக் கொடுத்திருந்தார். 5 ஆம்பியர் என்று மேலே அச்சடித்திருந்தது. இந்த வகை போர்டு எப்படி வேலை செய்கிறது என்றால், ஒரு கெப்பாசிட்டரைப் பக்கத்துப் பக்கத்து செல்களுக்கு மாற்றி மாற்றி இணைக்கிறது. வோல்டேஜ் கூடிய செல்லில் நிறைந்து, குறைந்த செல்லில் இறங்கும். அதனால் கரண்ட் என்பது இரண்டு செல்லுக்கும் நடுவில் எவ்வளவு வோல்டேஜ் வித்தியாசமோ அதைப் பொறுத்தது. அந்த 5 ஆம்பியர் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் கிடைக்கிற எண். நம் பேக்கில் 0.05 வோல்ட் வித்தியாசம்தான் இருக்கிறது என்றால் ஒரு ஆம்பியர்கூட வராது. ஆம்பியரைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான்.

ஆனால் எனக்கு அந்த போர்டின் மேல் இருக்கிற பெரிய குறை கரண்ட் இல்லை. அது எந்நேரமும் ஓடுகிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டின் குணம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்: 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வோல்டேஜ் கிட்டத்தட்ட அசையாது. அந்த இடத்தில் ஒரு செல் 3.31, இன்னொன்று 3.30 என்று காட்டினால் எதில் சார்ஜ் கூடுதல் என்று யாராலும் சொல்ல முடியாது. லோடு ஓடும்போது இன்னும் மோசம். உள் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் கூடிய செல் இறங்கிக் காட்டும், போர்டு அதைப் பட்டினி கிடக்கிற செல் என்று நினைத்துப் பக்கத்து செல்லில் இருந்து ஊற்றும். ராத்திரி முழுக்க ஃபேன், ஃப்ரிட்ஜ் ஓடுகிற வீட்டில் விடிய விடிய இந்தத் தப்பான ஊற்றல் நடக்கும், மறுநாள் சார்ஜ் உச்சிக்குப் போகும்போது நேராக இருந்த செல்கூட கோணலாக நிற்கும். பேலன்சர் போட்ட பிறகு பேலன்ஸ் கெட்டுவிட்டது என்று சிலர் புலம்புவது இதனால்தான், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, இந்த போர்டின் ஒயர்கள் நேராக செல்லில் போய் நிற்கின்றன. பிஎம்எஸ் 2.5 வோல்ட்டில் வெட்டினாலும் பேலன்சர் உறிஞ்சுவதை அது தடுக்காது. பேக்கை மாதக்கணக்கில் சும்மா வைக்கிறவர்கள், வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து வீட்டைத் திறக்கிறவர்கள், இதைக் கவனிக்க வேண்டும். போர்டில் ஆன் ஆஃப் செய்வதற்கென்று ஒரு சால்டர் பேட் கொடுத்திருந்தால் அதில் ஒரு சுவிட்ச் போட்டு, சார்ஜ் நிறைகிற நேரத்தில் மட்டும் ஓட விடலாம். அப்படி ஓட விட்டால் இந்த போர்டும் நல்ல பொருள்தான். ஆனால் யார் தினமும் போய் சுவிட்சைத் தட்டுவது?

எங்கள் வீட்டில் இருப்பது ஜேகே பிஎம்எஸ், 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் உள்ளேயே இருக்கிற மாடல். எனக்குத் திருப்தி, சித்தப்பா வீட்டிலும் பிறகு இதையே மாட்டினேன். இது உயர்ந்த செல்லைத் தேடி அதில் இருந்து சூப்பர் கெப்பாசிட்டரை நிரப்புகிறது, அப்புறம் அதைக் குறைந்த செல்லில் இறக்குகிறது. ஒன்றாவது செல்லில் எடுத்துப் பதினாறாவது செல்லுக்கு நேராகக் கொடுக்கும், நடுவில் கை மாற்றி மாற்றிப் போக வேண்டியதில்லை. எடுக்க ஒரு நேரம், கொடுக்க ஒரு நேரம் என்பதால் மணிக்கு முழு 2 ஏஎச் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், பாதி என்று வையுங்கள். அதுவே தாராளம். எந்த செல்லில் இருந்து எடுக்கிறது, எதற்குக் கொடுக்கிறது என்பது போன் ஆப்பில் நிறம் மாறித் தெரியும், ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் மூன்று தசமம் வரை தெரியும். அந்த 3.62, 3.38 வித்தியாசம் ஒரு சில நல்ல வெயில் நாட்களில் 10 மில்லி வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. இப்போது இன்வெர்ட்டர் கத்துவதில்லை.

இதில் முக்கியமானது எப்போது பேலன்ஸ் தொடங்க வேண்டும் என்பதை நாமே சொல்லலாம் என்பதுதான். நான் 3.40 வோல்ட் என்று வைத்திருக்கிறேன், வித்தியாசம் 10 மில்லி வோல்ட்டைத் தாண்டினால் ஓடு என்று. 3.40க்குக் கீழே எத்தனை வித்தியாசம் தெரிந்தாலும் தொடாது, தொடவும் கூடாது. இன்வெர்ட்டரில் சார்ஜ் வோல்டேஜ் 55.2, அதாவது செல்லுக்கு 3.45, அதில் ஒரு மணி நேரம் நிற்க வைக்கிறேன். நிறைந்த பிறகு பிடித்து வைக்கிற ஃப்ளோட் வோல்டேஜ் 53.6. செல்லை 3.65 வரை இழுக்க வேண்டிய தேவையே இல்லை. 3.45ல் நிற்கும்போது பேலன்சருக்கு நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கிறது, செல்லுக்கும் சுகம். மழைக்காலத்தில் பேனல் வாரக்கணக்கில் உச்சிக்கே போகாது, அப்போது 2 ஆம்பியர் என்ன, 10 ஆம்பியர் பேலன்சர் இருந்தாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். அதனால் மாதம் ஒருமுறையாவது ஈபி கரண்டில் முழுதாக ஏற்றி, உச்சியில் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். ப்ளூடூத் பாஸ்வேர்டு எல்லாப் பெட்டிக்கும் 1234 என்றுதான் வருகிறது, முதல் வேலையாக அதை மாற்றுங்கள். செட்டிங்ஸ் பக்கம் பழகாதவர்களுக்குக் குழப்பம், ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால் பாதுகாப்பே போய்விடும். விலையும் சாதாரண பிஎம்எஸ்ஸை விடக் கூடுதல். ஏற்கெனவே நல்ல பிஎம்எஸ் இருக்கிறது, அதை மாற்ற மனமில்லை என்கிறவர்களுக்கு ப்ளூடூத் வைத்த தனி 4 ஆம்பியர் பேலன்சர் வருகிறது, அதிலும் தொடங்குகிற வோல்டேஜை செட் பண்ணலாம். நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை என்பதால் மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

எது வாங்கினாலும் அதற்கு முன்னால் ஜாயின்ட்டைப் பாருங்கள். சித்தப்பா வீட்டில் ஏழாவது செல் லோடு ஓடும்போதெல்லாம் மற்றவற்றை விட 60 மில்லி வோல்ட் இறங்கும், லோடை நிறுத்தினால் உடனே சமமாகும். செல் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று கட்டிக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். நட்டைக் கழற்றிப் பஸ்பாரைத் தூக்கினேன். அடியில் செல்லின் அலுமினிய முகத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது, விரல் வைத்தால் மாவு மாதிரி ஒட்டியது, பஸ்பாரின் அடிப்பக்கத்திலும் அதே வட்டம். எமரி பேப்பரில் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, ஆக்சைடு பிடிக்காத பேஸ்ட் மெல்லிசாகத் தடவி மறுபடி முறுக்கினேன். வித்தியாசம் அங்கேயே போய்விட்டது. செல்லுக்கு ஒன்றுமில்லை. ஈரக் காற்று எந்நேரமும் அடிக்கிற நம் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும், கடற்கரை ஊர்களில் இன்னும் அடிக்கடி. லோடில் மட்டும் தெரிகிற வித்தியாசம் ஜாயின்டிலோ உள் ரெசிஸ்டன்ஸிலோ இருக்கும், உச்சியில் ஓய்வாக நிற்கும்போது தெரிகிற வித்தியாசம்தான் பேலன்சரின் வேலை. அப்புறம், கொள்ளளவு உண்மையிலேயே குறைந்துபோன செல்லை எந்தப் பேலன்சரும் சரியாக்காது. ஒரே செல்லுக்கு மட்டும் தினமும் ஊட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் அந்த செல் தானாகவே சார்ஜ் இழக்கிறது என்று அர்த்தம், மாற்றுங்கள்.

ஒயர் மாட்டும்போது நெகட்டிவில் தொடங்கி வரிசையாக ஏறி, கனெக்டரைச் செருகுவதற்கு முன் ஒவ்வொரு பின்னுக்கும் நடுவில் மல்ட்டிமீட்டர் வைத்து ஒரு செல் வோல்டேஜ் மட்டும் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு ஒயர் இடம் மாறினால் பேலன்சர் அந்த நொடியே போகும். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுத்தான் செல் மேல் கொண்டு போக வேண்டும், மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். இந்த ஒயர்களுக்கும் செல்லுக்கும் நடுவில் ஃபியூஸ் எதுவும் இல்லை, பெட்டியின் தகர விளிம்பில் உரசுகிற மாதிரி விடாதீர்கள்.

முட்டத்து அண்ணனும் ஆக்டிவ் வேண்டும் என்றுதான் கேட்டார். வள்ளத்தில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், இரண்டு விளக்கு, அவ்வளவுதான் லோடு. செல் நான்கும் ஒரே தொகுதி, கட்டுவதற்கு முன் நான்கையும் பேரலலாக இணைத்து 3.65 வரை நிரப்பி சமமாக்கிவிட்டேன். "வேண்டாம் அண்ணே, உப்புக்காத்துல ஒரு போர்டு கூடுனா ஒரு தொல்லையும் கூடும்" என்று சொல்லி, பேசிவ் பிஎம்எஸ்ஸோடு பெட்டியை சிலிகான் போட்டு அடைத்துக் கொடுத்தேன். அவர் கரைக்கு வரும்போது மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேன், நான்கு செல்லும் இன்றுவரை சமமாகத்தான் நிற்கின்றன.