பயோலைன் மலேரியா ஏஜி பி.எஃப் அட்டை: தரம் சரி, ஊர் சரியா?

பயன்படுத்த இதைவிட எளிய மலேரியா விரைவுச் சோதனை அட்டை கிடைப்பது அரிது. விரலில் குத்தி எடுத்த 5 மைக்ரோலிட்டர் ரத்தம், 4 சொட்டு பஃபர் கரைசல், 15 நிமிடக் காத்திருப்பு. 30 நிமிடம் தாண்டினால் முடிவைப் படிக்கக் கூடாது. 40 டிகிரி வரை தாங்கும், ஃபிரிட்ஜ் தேவையில்லை.

ஆனால் இதன் சோதனைக் கோடு ஃபால்சிபாரம் (மிக ஆபத்தான மலேரியா ஒட்டுண்ணி வகை) சுரக்கும் எச்ஆர்பி2 என்ற ஒரே புரதத்தைத்தான் பிடிக்கிறது. அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு 8-வது குரோமோசோமின் முனைக்கருகே இருக்கிறது. அறுந்து தொலைவது அங்கே எளிது, தொலைந்தாலும் ஒட்டுண்ணி சாவதில்லை. கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் பளிச்சென்று வரும். திரவம் ஓடியது என்பதைத் தவிர அந்தக் கோடு வேறெதையும் சொல்வதில்லை; நோயாளியோ 'நெகட்டிவ்' என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

பெருவின் அமேசான் பகுதியில் இப்படி மரபணு இழந்த ஒட்டுண்ணிகள் இருப்பது 2010-ல் வெளியானது. எரித்ரியாவில் நிலைமை இன்னும் மோசம்: கிண்டா மருத்துவமனையில் சோதித்த 26 ஃபால்சிபாரம் மாதிரிகளில் 21-ல் அந்த மரபணுவே இல்லை. எச்ஆர்பி2-ஐ மட்டும் நம்பும் அட்டைகளை அந்த நாடு 2016-ல் கைவிட்டது. அங்கெல்லாம் இந்த அட்டையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இந்தியாவில் 8 மாநிலங்களில் நடந்த ஆய்வில் இழப்பு சராசரியாக 2.4 சதவீதம்தான். இந்த இழப்பால் வரும் பொய் நெகட்டிவ் 5 சதவீதத்தைத் தாண்டினால் அட்டையை மாற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சில நேரம் மரபணு இல்லாமலும் கோடு விழும். 13-வது குரோமோசோமில் உள்ள எச்ஆர்பி3 ஏறக்குறைய அதே அமைப்புள்ள புரதம். ஒட்டுண்ணி எண்ணிக்கை அதிகமானால் அதையும் அட்டை பிடித்துவிடும். ஆகவே நாலு பாசிட்டிவ் வந்ததை வைத்து 'எங்கள் ஊரில் பிரச்சினை இல்லை' என்று முடிவு கட்ட முடியாது.

மாற்று அட்டை வாங்கும்போது கோடுகளை எண்ணி ஏமாற வேண்டாம். பி.எஃப்/பி.வி என்று எழுதிய பல அட்டைகளில் ஃபால்சிபாரம் கோடு எச்ஆர்பி2-வேதான், இன்னொரு கோடு வைவாக்ஸ் என்ற வேறு மலேரியா ஒட்டுண்ணிக்கு. பி.எஃப்/பேன் அட்டையில் பேன் கோடு பொதுவாக எல்லா வகை மலேரியா ஒட்டுண்ணியிலும் உள்ள எல்டிஹெச் என்ற வேறொரு புரதத்தைக் காட்டும் என்றாலும், பேன் மட்டும் விழுந்தால் 'ஃபால்சிபாரம் இல்லை' என்று படித்து, ஃபால்சிபாரத்துக்குப் பல இடங்களில் பலிக்காத குளோரோகுயின் மருந்தைக் கொடுத்துவிடும் அபாயம் உண்டு. ஃபால்சிபாரத்துக்கே உரிய எல்டிஹெச் கோடு தனியாக இருக்கிறதா என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு: குறைந்த எண்ணிக்கையில் ஒட்டுண்ணியைப் பிடிப்பதில் எல்டிஹெச் பொதுவாக எச்ஆர்பி2-ஐவிடப் பின்தங்கியது, வெப்பத்தையும் குறைவாகவே தாங்கும். ஆனால் மருந்து கொடுத்தபின் எச்ஆர்பி2 வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும்; எல்டிஹெச் சில நாளில் மறையும்.

அட்டை நெகட்டிவ், நுண்ணோக்கி ஸ்லைடில் ஃபால்சிபாரம் என்றால் உடனே மரபணுவைப் பழிக்க வேண்டாம். காலாவதித் தேதி, ரத்த அளவு, பஃபர் சொட்டு மூன்றையும் முதலில் பாருங்கள். ஒட்டுண்ணி மிக அதிகமென்றால் புரதம் அளவுக்கு மீறியும் கோடு அழியும். ரத்தத்தைச் சலைனில் (உப்புக் கரைசல்) 10 மடங்கு நீர்த்து மறுபடி போட்டால் கோடு வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் வடிதாளில் ரத்தப் பொட்டு எடுத்து, நன்றாகக் காயவைத்து, மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புங்கள். அதே மாதிரியில் எம்எஸ்பி1, எம்எஸ்பி2 என்ற ஃபால்சிபாரத்தின் வேறு இரு மரபணுக்கள் கிடைத்தால்தான் டிஎன்ஏ சிதையவில்லை, எச்ஆர்பி2 நிஜமாகவே இல்லை என்று எழுத முடியும்.