பழைய ஜாவா, எஸ்டி வைத்திருப்பவர்களே, பேரலைக் கையை விட்டுக் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

பழைய மோட்டார் சைக்கிளை வீட்டுக் கொல்லையில் நிறுத்தி, கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போன பணம் 31,500 ரூபாய். அதைக்கூடச் சம்பாதித்துவிடலாம். என் பெரியப்பா 1968-இல் புதிதாக வாங்கிய வண்டியின் அசல் பேரல், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் இன்ஜின் சிலிண்டர், போய்விட்டது. அதற்குப் பதில், வேலைக்குக் கொடுத்த பட்டறையில், யார் வண்டியிலிருந்தோ கழற்றிய, தேய்ந்துபோன பேரல் ஒன்றுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். நானும் நன்றி சொல்லி வாங்கி வந்து, என் கையாலேயே வண்டியில் பூட்டினேன்.

வண்டி ஜாவா 250. செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்பத்தை வாங்கி மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்தது. எஸ்டியும் அதே கம்பெனி பிற்பாடு செய்த வண்டிதான். "காவிரி வர்ற பக்கத்துலேருந்து வந்த வண்டி, நம்ம ஊரு தண்ணி அதுக்கு ஒத்துக்கும்" என்பார் பெரியப்பா. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடம், வயல், ரைஸ் மில், சம்பந்தி வீடு, எல்லாம் அந்த வண்டியில்தான். கண் பார்வை குறைந்த பிறகு மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் தென்னை மரம் விழுந்து கொட்டகை அப்படியே வண்டிமேல் உட்கார்ந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் குடிதண்ணீருக்கு அலைந்த நேரத்தில் வண்டியை யார் பார்ப்பது? அடுத்த வருடம் பெரியப்பாவும் போய்விட்டார்.

2022-இல் பெரியம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "பழைய இரும்புக்காரன் மூணு தடவ வந்து கேட்டுட்டான் தம்பி. நீ எடுத்துக்கிறியா, இல்ல போட்டுடவா?" மறுநாளே மினி வேன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜாவாவின் சாவி ஆணி மாதிரி இருக்கும். அது பெரியம்மாவின் பீரோ சாவிக் கொத்தில் அத்தனை வருடமும் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. வயரிங் முழுக்க எலி தின்றிருந்தது. டேங்குக்குள் கையளவு துரு. ஆனால் செயின் கவரைத் திறந்தபோது அசந்துபோனேன். ஜாவாவுக்குச் செயின் முழுவதும் மூடிய பெட்டிக்குள் ஓடும். உள்ளே கிரீஸ் கருத்து இறுகிக் கிடந்ததே தவிரச் செயினில் துரு இல்லை. பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, தினமும் சாயங்காலம் கிக்கரை மெதுவாக அழுத்திப் பார்த்தேன். பத்தாவது நாள் ஒரு விரற்கடை அசைந்தது. டேங்குக்குள் வினிகரும் ஒரு பிடி பழைய நட்டும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் போகக் காயவைத்து, கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றி வைத்தேன். வயரிங், பிரேக், ஸ்போக்ஸ் எல்லாம் வீட்டிலேயே முடிந்தது. எட்டு மாதம் ஆனது.

வீட்டில் முடியாதது இரண்டே வேலை. பேரலுக்குப் போர் அடிப்பது, அதாவது தேய்ந்த உள்சுவரைச் சீராகக் குடைவது; கிராங்கைப் பிரித்து, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மாற்றுவது. கிராங்க் என்பது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. பிரித்து மறுபடி சேர்க்கும்போது நேர்கோடு தப்பினால் இன்ஜின் தாங்காது. அதற்கு மிஷினும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். ஒரு கல்யாண வீட்டு வாசலில் கண்ணாடி மாதிரி மின்னிய எஸ்டியைப் பார்த்து, அதன் சொந்தக்காரரிடம் விசாரித்துத்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன். டெல்டாவிலேயே பெரிய ஊர். பெயர் சொல்லவில்லை, வழக்கு நடக்கிறது.

பட்டறைக்காரர் பேரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கேஜ் விட்டு அளந்தார். "65.25 தான் இருக்கு. ஒரே ஒரு தடவதான் போர் போயிருக்கு தம்பி. இந்த மாதிரி பேரல் இப்ப லேசுல கெடைக்காது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியப்பாவின் கணக்கு நோட்டிலும் அப்படியே இருக்கிறது: 1984, போர் அடித்த கூலி, புது பிஸ்டன் 65.25. பட்டறைக்காரர் என் பேரலுக்கு அப்போது விலை போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதை விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜாவா 250 பேரலின் அசல் விட்டம் 65 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. தேயத் தேயக் கால் மில்லி, அரை மில்லி என்று குடைந்து பெரிய பிஸ்டன் போடுவோம். குடையக் குடையச் சுவர் மெலியும். ஓர் அளவுக்குமேல் குடைய இடமில்லை. கம்பெனி 1996-இல் மூடிவிட்டது, புதுப் பேரல் அங்கிருந்து வரப்போவதில்லை. அதனால் குறைவாகக் குடைந்த பேரலுக்கு இன்று தேடி அலைகிறார்கள்.

"எல்லாத்தையும் குடுத்துட்டுப் போங்க, செட்டா பண்ணாத்தான் சரியா வரும்" என்றார். பேரல், கிராங்க், ஹெட், வண்டியோடு வந்த ஜிக்கோவ் கார்ப்பரேட்டர், டைனமோ எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிக் கொடுத்தேன். இன்ஜின் கேஸும் ஆர்சி புத்தகமும் கேட்டார். ஏதோ தோன்றியது, அதை மட்டும் கொடுக்கவில்லை. இன்ஜின் நம்பர் அந்தக் கேஸில்தான் பஞ்ச் ஆகியிருக்கிறது. அதுவும் போயிருந்தால் இன்று என்னிடம் இருப்பது பெரியப்பாவின் வண்டி என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

மூன்று வாரம் என்றது பதினோரு மாதம் ஆனது. முதலில் 12,000. அப்புறம் கிராங்க் கிட் மைசூரிலிருந்து "கம்பெனி பீஸ்" வருகிறதென்று 9,500. அப்புறம் கார்ப்பரேட்டருக்கும் சில்லறைச் சாமான்களுக்கும் 10,000. இடையிடையே போட்டோ அனுப்புவார். அது யார் வீட்டு இன்ஜினோ. கம்பெனி பீஸ் என்ற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை: இன்று கவரில் போட்டு விற்பதில் பெரும்பாலானவை பிற்பாடு வெளியில் செய்தவை. அதில் நல்லதும் இருக்கிறது, நானே போட்டிருக்கிறேன். வெளிச் சாமான் என்று சொல்லி விற்றால் தொழில். கம்பெனிச் சாமான் என்று சொல்லி இரண்டு மடங்கு வாங்கினால் அது திருட்டு.

சாமான் வந்தது. பூட்டினேன். லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்றி, ஏழாவது கிக்கில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியாது.

இரண்டாவது நாள் மன்னார்குடி போய்த் திரும்பும்போது, பாமணியாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேரலுக்குள் பிஸ்டன் இறுகிச் சிக்கிப் பின்சக்கரம் அப்படியே கட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் ஓரம் கட்டினேன். பின்னால் நெல் மூட்டை லாரி வந்துகொண்டிருந்தது. ஜாவா மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி ஓட்டுகிறவர்கள், குறிப்பாகப் புதுப் போர் ஓடும்போது, இடதுகை இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருங்கள்.

கும்பகோணத்தில் ஒரு பெரியவர் லேத் வைத்திருக்கிறார். அவரிடம் எடுத்துப் போனேன். பேரலைக் கழற்றிப் பிஸ்டன் தலையைத் துடைத்தவர் நிமிர்ந்து, "இது யாரு பேரல் தம்பி?" என்றார். பிஸ்டனில் 66.25 என்று இருந்தது. 65.25 என்று அளந்து வாங்கியவர், அடுத்த அளவுக்குக் குடைந்தாலே போதும் என்றவர், எதற்கு ஒரேயடியாக ஒரு மில்லி குடைய வேண்டும்? பேரலின் உட்சுவரில் காற்றும் புகையும் போய்வரும் ஜன்னல்கள் இருக்கும். அவற்றின் ஓரத்தில் விரல் நுனியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார் பெரியவர். பிளேடு மாதிரி இருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் போர் அடித்த பிறகு அந்த ஜன்னல் ஓரங்களை மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அதில் மாட்டும். ஒரு ரிங் இரண்டாக உடைந்திருந்தது. பிஸ்டனுக்கும் பேரலுக்கும் நடுவே சூட்டில் விரிய இடம் விட்டிருக்க வேண்டும், அதுவும் போதவில்லை. கிராங்கைச் சென்டரில் மாட்டி டயல் கேஜ் வைத்தார். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு ஆடினாலே யோசிப்பார்களாம். முள் அதற்கு எங்கேயோ போய்வந்தது. புது ராடு போட்டதாகச் சொன்னதிலும் மேலும் கீழும் ஆட்டம் இருந்தது. கார்ப்பரேட்டர் ஜிக்கோவ் இல்லை, எழுத்தே இல்லாத நகல்.

பேரல் மாறியதை நிரூபிக்க எனக்கு ஒரு போட்டோ உதவியது. பிஸ்டன் அசைந்த அன்று சந்தோஷத்தில் என் மகள் எடுத்தது. அதில் பேரலின் கிக்கர் பக்கம், மேலிருந்து இரண்டாவது ஃபின்னில் (சூடு ஆற வெளியே நீட்டியிருக்கும் தகடு), கட்டைவிரல் நகம் அளவுக்கு உடைந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. அந்த உடைப்பு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. 1977 நவம்பர் 12 புயல் நாகப்பட்டினம் பக்கத்தையே புரட்டிப் போட்டதே, அதற்கு இரண்டு நாள் கழித்து வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தை உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கப் பெரியப்பா அரிசியும் மண்ணெண்ணெய்யும் கட்டிக்கொண்டு இந்த ஜாவாவில் போனார். குறுக்கே கிடந்த பனைமரத்தில் சாய்ந்து ஃபின் உடைந்தது. கூர் தட்டாமல் இருக்க அவரே அரம் போட்டு ராவிவிட்டார். அத்தை இன்றும் அதைச் சொல்வார். எனக்குத் திரும்பி வந்த பேரலில் எல்லா ஃபின்னும் முழுசாக இருந்தன. பெயின்ட் பளபளப்பில் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

போட்டோவோடு பட்டறைக்குப் போனேன். முதலில் "உங்க பேரல்தான் இது, ஃபின்ன வெல்டிங் வச்சு அடைச்சோம்" என்றார். வெல்டிங் தடம் எங்கே என்றேன். "உங்களுது விரிசல் விட்டுடுச்சு தம்பி, எடைக்குப் போட்டாச்சு, நல்லதாத் தேடிப் போட்டுக் குடுத்தோம்" என்றார். விரிசல் விட்டதை ஏன் பதினோரு மாதத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றதற்குப் பதில் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கல்யாண வீட்டு எஸ்டிதான் மனதில் ஓடியது. லட்சக்கணக்கில் செலவு செய்யும் வண்டிக்கு எங்களைப் போன்றவர்கள் கொண்டுவரும் நல்ல சாமான் ஏறுகிறது. அதிலிருந்து கழித்தது எங்களுக்கு இறங்குகிறது. எனக்கு வந்த 66.25 பேரலும் யாரோ ஒருவர் நம்பிக் கொடுத்ததுதானே?

நகை ஆசாரியிடம் அரைப் பவுன் கொடுத்தாலும் எடை போட்டுச் சீட்டு வாங்காமல் நாம் படி இறங்குவதில்லை. பேரலுக்கும் அதையே செய்யுங்கள். கொடுக்குமுன் நாலா பக்கமும், உள்ளேயும், வெர்னியர் அளவோடு போட்டோ எடுங்கள். ஃபின்னின் அடிப்பக்கம் கண்ணுக்குச் சட்டென்று படாத இடத்தில் உங்கள் குறி ஒன்றைக் கீறி வையுங்கள். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். பிஸ்டனை முதலில் நீங்கள் வாங்கி, அதைக் கொடுத்து அதற்குத் தக்கபடி போர் அடிக்கச் சொல்லுங்கள். பேரல் வேலைக்குப் பேரல் மட்டும் போதும், கார்ப்பரேட்டரும் டைனமோவும் எதற்கு? கழற்றிய பழைய ராடு, பேரிங், ஆயில் சீல் எல்லாம் எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அதற்கு முகம் சுளிக்கும் பட்டறையில் சாமானை இறக்காதீர்கள். 50 வருடம் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-இல் வந்த மத்திய விதியும் இன்ஜின், சேஸிஸ் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். என்னிடம் பில் இல்லை. ஆனால் பணம் போன வங்கிக் கணக்கு விவரமும் வாட்ஸப் பேச்சும் பெரியப்பாவின் நோட்டும் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி சொன்னார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. மனு போட்டிருக்கிறேன்.

கும்பகோணம் பெரியவர் அந்தப் பேரலுக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாயை இறக்கி, ஜன்னல்களை வெட்டி, ஓரம் மழுக்கிக் கொடுத்தார். கிராங்கையும் பிரித்துச் சரிசெய்து, கழற்றிய பழைய ராடைக் காகிதத்தில் சுற்றி நான் கேட்காமலே கையில் வைத்தார். வண்டி ஓடுகிறது.

கடந்த ஒன்றரை வருடத்தில் டெல்டாப் பக்கம் 65.25 அல்லது 65.50 பேரல் வாங்கியவர்கள், அல்லது அந்தப் பேரலோடு வண்டியைச் செய்து வாங்கியவர்கள், தயவுசெய்து ஒரு தடவை குனிந்து பாருங்கள். கிக்கர் பக்கம், மேலிருந்து இரண்டாவது ஃபின், கட்டைவிரல் நகம் அளவு உடைப்பு, அரம் போட்டு ராவிய தடம். இருந்தால் சொல்லுங்கள். தெரியாமல் வாங்கிய உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீங்கள் கொடுத்த விலையை அப்படியே கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.